யூதர்கள் எதிர்பார்க்கும் மேசியா யார்? (விவாத இழை)

2025 மார்ச் 9, வாசகர் கேள்வி

யூதர்கள் இன்றும் மேசியாவுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வானத்திலிருந்து இறங்கி வரும் தெய்வப் பிறவி, அற்புதங்கள் செய்து தம்மை நிரூபிப்பார், மனிதரின் பாவங்களைப் போக்குவார் என்றுதானே அவர்களுடைய வேதம் சொல்கிறது? இவற்றையெல்லாம் செய்தவர் என்று கிறிஸ்தவர்கள் ஒருவரைக் காட்டியும் அவர்கள் ஏற்கவில்லை என்றால், அது பிடிவாதம் அல்லாமல் வேறென்ன?

2025 மார்ச் 9

நீங்கள் வருணிப்பவர் கிறிஸ்தவ மரபின் மேசியா. ஞாயிறு பள்ளியில் படித்த எங்களுக்கும் அந்த ஒருவரைத்தான் தெரியும். யூதச் சட்ட நூல்களில் இதுபற்றிய மிகத் தெளிவான விளக்கம், 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் தொகுத்த மிஷ்னே தோராவின் கடைசி இரண்டு அதிகாரங்களில் இருக்கிறது. அவை அரசர்களையும் போர்களையும் பற்றிய சட்டப் பகுதியில் இடம்பெறுகின்றன என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது. தாவீதின் வம்சத்திலிருந்து ஓர் அரசர் எழுவார். தாவீதைப் போலவே தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களும் அவற்றின் சட்டமுமான மரபில், ஊறியிருப்பார். இஸ்ரவேலரை அதன் வழியில் நடக்கச் செய்வார். இறைவனின் போர்களை நடத்துவார். இவ்வளவையும் செய்பவரை மேசியாவாக இருக்கலாம் என்று கொள்ளலாம். பிறகு அவர் இடிந்துபோன எருசலேம் ஆலயத்தை அதன் பழைய இடத்தில் கட்டி, சிதறிப்போன மக்களையும் ஒன்று சேர்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. இதில் தோற்றாலோ கொல்லப்பட்டாலோ, தோரா வாக்களித்தவர் அவர் அல்லர். தாவீதின் குலத்தில் நேர்மையாக ஆண்டு மறைந்த மற்ற அரசர்களுள் ஒருவராக அவரை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் அற்புதங்கள் செய்தாக வேண்டும், இறந்தவரை எழுப்பியாக வேண்டும் என்று எண்ண வேண்டாம் என்று மைமோனிடிஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும் என்ற ஏசாயாவின் வசனம்கூட அவருக்கு உருவகம்தான். ஓநாய் என்பது இஸ்ரவேலை வதைத்த நாடுகளைக் குறிக்கிறது. உலகம் தன் இயல்பிலேயே இயங்கும், அந்நிய அரசுகளுக்கு அடிமைப்பட்டிருக்கும் நிலை மட்டும் மாறும் என்ற தல்மூத் (ரபிகள் என்னும் யூத மத ஆசிரியர்களின் பழைய விவாதத் தொகுப்பு) அறிஞர் சாமுவேலின் கூற்றை அவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். வேறோர் இடத்தில், மேசியாவும் இறப்பார், அவருக்குப்பின் அவருடைய மகன் ஆள்வான் என்றும் சொல்கிறார். பாவத்தைப் பொறுத்தவரை, யூத மரபில் அது மனம் திரும்புதலால் தீர்வது. வேறொருவர் வந்து சுமக்க வேண்டிய பாரமாக அதை அவர்கள் கருதுவதில்லை.

2025 மார்ச் 10

“அப்படியானால் வந்தவர் அவர்தான் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?”

தெரியாது. ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் கதை ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் புனித நாட்டுக்குக் குடிபெயர்ந்த வித்தெப்ஸ்க் நகர ரபி மெனஹேம் மெண்டலின் காலத்தில், யாரோ ஒருவன் மலைமேல் ஏறிக் கொம்பு ஊத, மேசியா வந்துவிட்டார் என்று ஊரே பரபரத்ததாம். ரபி சன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். உலகம் புதுப்பிக்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

2025 மார்ச் 12

அற்புதம் தேவையில்லை என்பதற்கு மைமோனிடிஸ் காட்டும் சான்று ரபி அகிவா. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின் தலைவரான பார் கோக்பாவை அகிவா அரச மேசியா என்றே அறிவித்தார். அவரிடம் எந்த அடையாளத்தையும் கேட்கவில்லை. எருசலேம் தல்மூத்தில் அதற்கு இன்னொரு ரபியான யோஹனான் பென் தோர்தா சொன்ன மறுமொழியும் பதிவாகியிருக்கிறது: “அகிவா, உன் கன்னங்களில் புல் முளைத்துவிடும், தாவீதின் மகன் அப்போதும் வந்திருக்க மாட்டான்.” பெத்தார் கோட்டை விழுந்தது, பார் கோக்பா மாண்டார், கேள்வியும் அத்தோடு முடிந்தது. அகிவாவின் மதிப்பு மட்டும் குறையவில்லை. தம்முடைய மாபெரும் ஆசிரியர் ஒருவரின் கணிப்பு பொய்த்ததை மறைக்காமல், கேலியையும் சேர்த்தே எழுதிவைத்த மரபு இது.

1960, 61ஆம் ஆண்டுகளில் யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் பார் கோக்பாவின் கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில் அவர் இரண்டு கழுதைகளை அனுப்பி, கூடாரப் பண்டிகைக்கு வேண்டிய பேரீச்ச ஓலைகளையும் நார்த்தை போன்ற எத்ரோக் கனிகளையும் பாசறைக்கு அனுப்பச் சொல்கிறார். மிர்ட்டில், அலரிக் கிளைகளையும் கொண்டுவரச் செய்யுமாறும், எல்லாவற்றுக்கும் முறைப்படி தசமபாகம் ஒதுக்குமாறும் கேட்கிறார். பேரரசோடு போர் நடந்துகொண்டிருக்கும் நேரம் அது. மைமோனிடிஸ் சொல்லும் ‘தோராவில் ஊறிய போர்வீரன்’ எப்படி இருப்பான் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

2025 மார்ச் 16

9ஆம் தேதி எழுதியதை மீண்டும் படித்தபோது அது மிகவும் வறட்சியாகத் தோன்றியது. மைமோனிடிஸ் சட்டம் எழுதுகிறவர். ஒழுங்குபடுத்துவது அவர் தொழில். அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ, அந்தப் பாபிலோனியத் தல்மூத்தின் சன்ஹெட்ரின் பகுதியைத் திறந்தால் அங்கே ஒழுங்கு என்று எதுவுமில்லை. ஒவ்வொரு ஆசிரியரின் மாணவர்களும் மேசியாவின் பெயர் தங்கள் ஆசிரியரின் பெயரைப் போன்றது என்று வாதிடுகிறார்கள். ஹில்லேல் என்ற ரபி ஒருவர், இஸ்ரவேலுக்கு மேசியா இல்லை, எசேக்கியா அரசரின் காலத்திலேயே அந்த வாக்கு தீர்ந்துவிட்டது என்கிறார். ரபி யோசேப்பு, “இறைவன் அவரை மன்னிக்கட்டும்” என்கிறார். அந்நாளுக்கு முன் வரும் துன்பங்களை எண்ணி அஞ்சிய ஊல்லா, “அவர் வரட்டும், நான் மட்டும் அவரைப் பார்க்க வேண்டாம்” என்கிறார். அதற்கும் ரபி யோசேப்புதான் பதில் சொல்கிறார்: “அவர் வரட்டும், அவருடைய கழுதைச் சாணத்தின் நிழலில் அமரும் பேறு எனக்குக் கிடைக்கட்டும்.”

அதே பக்கங்களில்தான் யெஹோசுவா பென் லேவியின் கதையும் வருகிறது. அவர் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். “அவரிடமே போய்க் கேள்.” எங்கே இருக்கிறார்? “ரோம் நகர வாயிலில்.” அடையாளம்? நோயால் வாடும் ஏழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளை ஒரே நேரத்தில் அவிழ்த்து, ஒரே நேரத்தில் கட்டுவார்கள். அவர் மட்டும் ஒரு கட்டை அவிழ்த்து, அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததை அவிழ்ப்பார். திடீரென்று அழைப்பு வந்தால் தாமதமாகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். யெஹோசுவா போய்க் கேட்கிறார்: “எப்போது வருவீர்கள்?” “இன்று.” அவர் அன்று வரவில்லை. பொய் சொல்லிவிட்டார் என்று யெஹோசுவா எலியாவிடம் முறையிட, எலியா சங்கீத வரியை நினைவூட்டுகிறார்: “இன்று, அவருடைய சத்தத்தை நீங்கள் கேட்பீர்களாகில்.”

அடிமைத்தளை மட்டும் நீங்கும் என்ற சட்டவாசகத்தையும், கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டியபடி அழைப்புக்காகக் காத்திருக்கும் அந்த நோயாளியையும் ஒரே மதத்தார்தான் போற்றி வைத்திருக்கிறார்கள். சட்டவாசகத்தை மட்டும் எடுத்து ‘யூதக் கொள்கை இதுதான்’ என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

2025 மார்ச் 17

கழுதை என்றதும் நினைவுக்கு வந்தது. சகரியா சொன்னபடி உங்கள் மேசியா கழுதை மீதுதான் வருவாராமே, என்னிடமுள்ள நல்ல குதிரை ஒன்றை அனுப்பட்டுமா என்று பாரசீக மன்னர் ஷாபூர் சாமுவேலைக் கிண்டல் செய்தாராம். “உம்மிடம் நூறு நிறமுள்ள குதிரை இருக்கிறதா?” என்று சாமுவேல் திருப்பிக் கேட்டார். இதுவும் சன்ஹெட்ரினில்தான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 13

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை நேற்று மாலை தொடங்கியது. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் யூத நண்பர் ஒருவர் வீட்டுப் பஸ்கா விருந்தில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். மேசையின் நடுவில் யாரும் தொடாத ஒரு கோப்பையில் விளிம்புவரை திராட்சரசம் இருந்தது; அது எலியாவுக்கு உரியது. மேசியாவுக்கு முன்னோடியாக எலியா வருவார் என்பது மல்கியா தீர்க்கதரிசி முதல் வரும் நம்பிக்கை. உணவு முடிந்த பிறகு வாசல் கதவைத் திறந்துவைக்க அந்த வீட்டுச் சிறுமியை அனுப்பினார்கள். அடுக்குமாடிக் கட்டடம் என்பதால் கதவுக்கு வெளியே படிக்கட்டும் எதிர்வீட்டுச் செருப்புகளும்தான் தெரிந்தன. அவளுடைய தம்பியோ கதவுப் பக்கம் திரும்பாமல் கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். திராட்சரசம் சற்றுக் குறைந்துவிட்டதாக உறுதியாகவும் சொன்னான். யாரும் மறுக்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது இது. வார நாள்களில் மூன்று வேளையும் சொல்லும் தொழுகையில் ‘தாவீதின் துளிரை விரைந்து தழைக்கச் செய்வாய்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மைமோனிடிஸின் பதின்மூன்று கொள்கைகளில் பன்னிரண்டாவதைத் தழுவிய அறிக்கை, அவர் தாமதித்தாலும் ஒவ்வொரு நாளும் அவருக்காகக் காத்திருப்பேன் என்கிறது. ஆக, பக்தியுள்ள யூதருக்கு இது உலக முடிவைப் பற்றிய ஊகம் என்பதைவிட அன்றாடக் கடமை.

இன்னொன்று: ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் எலியா வரமாட்டார் என்று தல்மூத்திலேயே ஒரு கருத்து உண்டு. அவர் வந்தால் எல்லோரும் வரவேற்கப் போய்விடுவார்கள், வீட்டில் பண்டிகைச் சமையல் கெட்டுவிடும். வெள்ளிக்கிழமைகளில் நிம்மதியாக இருக்கலாம்.

2025 ஏப்ரல் 21

“எந்த ஆண்டில் வருவார் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? ஆறாயிரம் ஆண்டுகள் என்று எங்கோ படித்தேன்.”

இருக்கிறது. உலகம் ஆறாயிரம் ஆண்டுகள் நிலைக்கும், அதில் கடைசி இரண்டாயிரம் மேசியாவின் காலம் என்று தல்மூத்தில் ஒரு கூற்று உண்டு. யூத நாள்காட்டியில் இந்த 2025 ஏப்ரலில் நடப்பது 5785. ஆறாயிரமாவது ஆண்டு கி.பி. 2240இல் முடியும். ஆனால் அந்தக் கூற்றுக்குச் சற்றுத் தள்ளியே, முடிவுக் காலத்தைக் கணக்குப் போடுபவர்களின் எலும்புகள் உதிர்ந்துபோகட்டும் என்ற சாபமும் இருக்கிறது. கணக்குப் போட்ட நாள் வந்தும் அவர் வரவில்லை என்றால் இனி வரவே மாட்டார் என்று மக்கள் சோர்ந்துவிடுவார்கள் என்பது அதன் காரணம். ரவ் என்ற ஆசிரியர், கணித்த நாள்கள் எல்லாம் கடந்துவிட்டன, இனி மனம் திரும்புவதும் நற்செயல்களுமே பாக்கி என்கிறார். ரபி ஜெய்ரா இன்னும் நயமாகத் தடுக்கிறார்: மேசியா, தொலைந்த பொருள் கண்ணில் படுவது, தேள் ஆகிய மூன்றும் எதிர்பாராத நேரத்தில்தான் வரும், நீங்கள் உட்கார்ந்து ஆராய்ந்து அவரைத் தாமதப்படுத்தாதீர்கள்.

சாபத்துக்குப் பயந்து யாரும் கணக்கை விட்டுவிடவில்லை. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பிறகு, அரசவையில் நிதிப்பொறுப்பு வகித்த ஈசாக் அப்ரவனெல் தானியேல் நூலை ஆராய்ந்து 1503ஐக் குறித்தார். யேமன் நாட்டு யூதர்கள் ஒரு போலி மேசியாவிடம் ஏமாந்து நின்றபோது, கணக்குப் போடாதீர்கள் என்று அவர்களுக்கு எழுதிய மைமோனிடிஸ், அதே கடிதத்தில் தம் குடும்ப வழியில் வந்த இரகசியக் கணக்கு ஒன்றையும் சொல்கிறார். அதன்படி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீர்க்கதரிசனம் திரும்பியிருக்க வேண்டும். அந்த மக்கள் அப்போது கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுதும்போது வெறும் சட்டத்தை மட்டும் எழுத அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2025 மே 4

சாபத்தின் காரணம் எவ்வளவு சரி என்பது 1665, 66இல் தெரிந்தது. ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) நகரத்து சபத்தாய் ஸ்வியை மேசியா என்று காசாவின் நாத்தான் அறிவிக்க, யேமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதக் குடும்பங்கள் பயண மூட்டை கட்டின. ஹாம்பர்க்கில் வாழ்ந்த கிளூக்கெல் என்ற பெண்மணி தம் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் சொத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு ஹில்டஸ்ஹைமுக்குப் போய், அங்கிருந்து இரண்டு பெரிய மரப்பீப்பாய்களை மருமகள் வீட்டுக்கு அனுப்பினார். துணிகள், பட்டாணி, அவரை வகைகள், உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பிளம் என்று கெடாமல் இருக்கக்கூடிய எல்லாம் அதில் இருந்தன. கப்பல் வந்ததும் ஹாம்பர்க்கிலிருந்தே புனித நாட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்பது கிழவரின் திட்டம். ஓராண்டுக்கு மேல் பீப்பாய்கள் கிடந்தன. இறைச்சி அழுகித் துணி பாழாகிவிடும் என்ற பயத்தில், திறந்து உணவுப்பொருள்களை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. துணிகளை வெளியே எடுக்கச் சொல்லவில்லை.

சபத்தாய் 1666 செப்டம்பரில் சுல்தான் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவிவிட்டிருந்தார். மைமோனிடிஸின் அளவுகோலைப் பிடித்தால் அன்றே விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாத்தானோ, தீமையின் ஆழத்துக்குள் இறங்கி அங்கே சிக்கிய ஒளியை மீட்கவே மேசியா மதம் மாறினார் என்று விளக்கம் சொன்னார். சிலர் அவர் பின்னாலேயே மதம் மாறினார்கள், சலோனிகாவில் அவர்களுடைய வழிவந்த சமூகம் 20ஆம் நூற்றாண்டு வரை தனித்து வாழ்ந்தது. அற்புதத்தை எதிர்பார்ப்பதைவிட, தோல்விக்குப் பிறகு விளக்கம் தேடுவதுதான் இந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆபத்து என்பேன்.

2025 மே 6

பிடிவாதம் என்ற பேச்சு மறுபடியும் வந்திருப்பதால் ஒரே ஒரு தகவல். 1263இல் பார்சிலோனாவில் அரகோன் மன்னர் ஜேம்ஸின் முன்னிலையில் நடந்த கட்டாய விவாதத்தில் ரபி நஹ்மனிடிஸிடம் இதே குற்றச்சாட்டு வைக்கப்பட்டது. மேசியாவின் நாளில் நாடுகள் இனிப் போர் பழகாது என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள். இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்றார் அவர். போர் பழகாவிட்டால் மன்னருக்கும் அவருடைய வீரர்களுக்கும் எவ்வளவு சிரமமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். மன்னர் அவருக்குப் பரிசு கொடுத்து அனுப்பினார் என்பதையும், சில ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2025 ஜூன் 29

யூத நாள்காட்டியில் இன்று தம்மூஸ் 3, ஹபாத் என்ற ஹசிதிய இயக்கத்தின் தலைவர் மெனஹேம் மெண்டல் ஷ்னீர்சன் 1994இல் மறைந்த நாள். நியூயார்க்கின் புரூக்ளினில் கிங்ஸ்டன் அவென்யூ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், அவருடைய தலைமையிடத்தைச் சுற்றிக் கிரீடம் பொறித்த மஞ்சள் கொடிகளைப் பார்க்கலாம். மேசியா என்று அவற்றில் எழுதியிருக்கும். அவரே அரச மேசியா என்றும், திரும்பி வருவார் என்றும் அவரைப் பின்பற்றுவோரில் ஒரு பகுதியினர் இன்றும் நம்புகிறார்கள். அங்கே ஒரு கடையில் நான் பேச்சுக் கொடுத்தபோது, இளைஞர் ஒருவர் நிகழ்காலத்திலேயே அவரைப் பற்றிப் பேசினார், கல்லாவில் இருந்த முதியவர் தலையை நிமிர்த்தாமல், “கல்லறை குயின்ஸில் இருக்கிறது, முகவரி தரட்டுமா?” என்றார். இருவரும் ஒரே இயக்கத்தவர்.

நான் மார்ச்சில் எழுதிய மைமோனிடிஸ் வாசகம் இங்கேதான் உயிரோடு புழங்குகிறது. தோற்றவரும் கொல்லப்பட்டவரும் மேசியா அல்லர் என்று அவர் எழுதியதை எதிர்ப்பாளர்கள் காட்டுகிறார்கள். எங்கள் ரபி கொல்லப்படவில்லை, இயற்கையாக மறைந்தார் என்கிறார்கள் மற்றவர்கள். மேசியா இறந்தவர்களிலிருந்து வருபவரானால் தானியேலைப் போன்றவராக இருப்பார் என்ற தல்மூத் வரியையும் துணைக்கு அழைக்கிறார்கள். தலைவர் இறந்தும் நம்பிக்கை நிற்பதற்கு யூத மரபில் இடமில்லை என்று கிறிஸ்தவர்களிடம் பல நூற்றாண்டுகள் வாதாடியவர்களுக்கு, இந்த வாதம் எவ்வளவு சங்கடம் தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 ஆகஸ்ட் 3

இன்று ஆலயம் இடிந்த நாளுக்கான நோன்பு. ஆலயம் இடிந்த அதே நாளில்தான் மேசியா பிறந்தார் என்று எருசலேம் தல்மூத்தில் ஒரு கதை வருகிறது. உழுதுகொண்டிருந்த யூதன் ஒருவனின் மாடு கத்துகிறது. வழியே போன அரபியன், “மாட்டை அவிழ்த்துவிடு, உங்கள் ஆலயம் இடிந்துவிட்டது” என்கிறான். மாடு மறுபடி கத்த, “பூட்டிக்கொள், மேசியா பிறந்துவிட்டார், பெயர் மெனஹேம், ஊர் பெத்லகேம்” என்கிறான். உழவன் மாட்டையும் கலப்பையையும் விற்றுக் குழந்தைத் துணி வியாபாரியாகி, ஊர் ஊராகப் போய் அந்தத் தாயைக் கண்டுபிடிக்கிறான். குழந்தை பிறந்த நாளிலேயே ஆலயம் இடிந்ததே என்று அவளுக்குக் கோபம், துணி வாங்க மனமில்லை. கடனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து கேட்கும்போது, காற்றும் புயலும் வந்து குழந்தையைத் தன் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டன என்கிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 10

செந்நிறக் கிடாரியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸிலிருந்து ஐந்து கிடாரிகள் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டன. அமெரிக்க எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் துணையும் அதில் இருந்தது. எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தின்படி, நுகத்தடி படாத செந்நிறக் கிடாரியை எரித்த சாம்பல்தான் பிணத்தீட்டைப் போக்கும். அந்தத் தீட்டோடு ஆலயத்துக்குள் போக முடியாது. வேறு நிறத்தில் இரண்டு மயிர் இருந்தாலே தகுதி போய்விடும். எனவே ஆலயத்தை மீண்டும் கட்ட விரும்புவோர் முதலில் கிடாரியைத் தேடுகிறார்கள்.

இவர்களும் மைமோனிடிஸைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். மோசே முதல் இரண்டாம் ஆலயம் இடியும்வரை ஒன்பது கிடாரிகள் எரிக்கப்பட்டன, பத்தாவதை அரச மேசியா செய்வார் என்று அவர் எழுதியிருப்பது உண்மைதான். அந்தச் சட்ட வாக்கியத்தின் வாலிலேயே, அவர் விரைவில் வெளிப்படட்டும், ஆமென், அப்படியே ஆகட்டும் என்று திடீரென்று ஒரு வேண்டுதலும் சேர்ந்துகொள்கிறது. மார்ச்சில் நான் வறட்சி என்று சொன்ன அதே நூலில்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: அவர் கணக்கில் மேசியா முதலில் வருகிறார், கிடாரி பிறகு.

மனிதர் தாமே தொடங்கலாமா என்பதுதான் இங்கே உண்மையான வழக்கு. கூட்டமாக மதில்போல் எழுந்து நாடு திரும்பக் கூடாது, நாடுகளுக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது என்று இறைவன் இஸ்ரவேலிடம் வாங்கிய ஆணைகளைத் தல்மூத் சொல்கிறது. சத்மார் என்ற ஹசிதியக் குழுவின் ரபி யோயெல் தைத்தல்பௌம் அதை அடிப்படையாக்கி, மேசியாவுக்கு முன் உருவான இஸ்ரேல் அரசையே மறுத்தார். அன்றைய பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்களின்) தலைமை ரபியான ஆபிரகாம் ஈசாக் கூக், நிலத்தைத் திருத்தும் மதப்பற்றில்லாத இளைஞர்களின் உழைப்பிலேயே மீட்பு தொடங்கிவிட்டது என்றார். கிடாரி வளர்ப்பவர்கள் கையில் வைத்திருப்பது மைமோனிடிஸின் நூல்; நடப்பதோ கூக்கின் வழியில், அதுவும் அவர் போகத் துணியாத தூரத்துக்கு. ஆலயம் இருந்த இடமான எருசலேமின் கோவில் மலைக்குள் யூதர்கள் நுழையக் கூடாது என்று 1967 முதல் இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவையே தடுத்துவருகிறது. அந்தத் தடையை ஏற்பவர்கள்தான் மூன்று வேளையும் ஆலயம் கட்டப்பட வேண்டும் என்று வேண்டுகிறார்கள். இதில் முரண் இருப்பதாக அவர்களில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.